இரவில் வரும் செய்தி குற்றமாகுமா?

குழு: பாட்டி வீட்டுச் சொந்தங்கள்

பவி அம்மா (பொகவந்தலாவை): எல்லோரும் இருக்கிறீர்களா? பவியின் போனுக்கு யாரோ ஒருவன் மாதக்கணக்கில் வட்ஸ்அப் செய்தி அனுப்புகிறான். முதலில் ரோஜாப்பூப் படமும் காலை வணக்கமும்தான். இப்போது நள்ளிரவில், வாயால் சொல்லக் கூசுகிறதை எல்லாம் கேட்கிறான். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. இதற்குப் பொலிஸுக்குப் போகலாமா?

பெரியப்பா: நம்பர் எப்படிக் கிடைத்தது அவனுக்கு?

பவி: டவுனில் ரீலோட் போடுகிற கடையில் கொப்பியில் எழுதினேன் பெரியப்பா. மறுநாளே செய்தி வந்தது. யாரென்று தெரியவில்லை.

பெரியப்பா: சிம்மை மாற்றிவிடு அம்மா. பொலிஸ், கோர்ட் என்று போனால் லயம் முழுக்கப் பேச்சாகும். நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?

தினேஷ்: எதற்குச் சிம்மை மாற்ற வேண்டும்? அந்தக் கடைக்குப் போய் ஆளைக் கண்டுபிடித்து இரண்டு போட்டால் சரியாகிவிடும்.

சுதா அக்கா (ஹட்டன்): தினேஷ், நீ கை வைத்தால் நாளைக்கு உன் மேல்தான் வழக்கு. பேசாமல் இரு. அப்பா, நீங்கள் சொல்வதிலும் எனக்குச் சம்மதமில்லை. பவி படிப்பிக்கிற முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் எல்லோரிடமும் இருப்பது அந்த நம்பர். தவறு செய்தவன் நிம்மதியாக இருக்க, இவள் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?

ராஜா மாமா (பண்டாரவளை): சுதா, நீ சட்டத்தரணியிடம் வேலை செய்கிறாய், உனக்குத் தெரியும். ஆனால் அவன் கை வைக்கவில்லை, வீட்டுக்கு வரவில்லை. வெறும் செய்திதானே? அதைக் குற்றமாக எடுப்பார்களா?

சுதா அக்கா: எடுப்பார்கள் மாமா. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டில் திருத்தியது. கை வைத்தால்தான் குற்றம் என்று அதில் இல்லை. சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு கொடுத்தாலே குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். நட்டஈடும் கட்டச் சொல்லலாம். போனில் எழுதினாலும் அது சொல்தான்.

ராஜா மாமா: அப்படியென்றால் அந்த ரோஜாப்பூப் படங்களும் குற்றமா?

சுதா அக்கா: அங்கேதான் சிக்கல். வெறும் காலை வணக்கத்தை மட்டும் காட்டி வழக்குப் போடுவது கடினம். விடாமல் தொடர்புகொண்டு தொல்லை தருவதை அப்படியே குற்றமென்று சொல்லும் தனிப் பிரிவு நம் நாட்டில் இல்லை. செய்தியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் பிறகு வந்தவற்றோடு சேர்த்துக் காட்டினால், எப்படித் தொடங்கி எங்கே வந்து நிற்கிறான் என்பது தெரியும். அதனால் பூப் படத்தைக்கூட அழிக்க வேண்டாம்.

கணேசன் அண்ணன் (கோத்தகிரி): இங்கே இந்தியாவில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2013இல் கொண்டுவந்தார்கள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் 78ஆவது பிரிவு. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால், முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை சிறை. பவி அங்கே அப்படிச் சொன்னாளா?

பவி: ஒரே ஒரு தடவை எழுதினேன் அண்ணா. "எனக்கு விருப்பமில்லை, இனி அனுப்ப வேண்டாம்" என்று. அதன் பிறகு பதிலே போடவில்லை.

சுதா அக்கா: நல்ல காரியம் செய்தாய் பவி. இந்தியச் சட்டம் இங்கே செல்லாது. ஆனாலும் அந்த ஒரு வரி இருக்கும்போது, தெரியாமல் அனுப்பிவிட்டேன், விளையாட்டுக்குச் செய்தேன் என்று அவன் சொல்ல முடியாது. இனி ஒன்றும் எழுதாதே, திட்டிக்கூட எழுதாதே.

பவி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பவி: அக்கா, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இன்று பின்னேரம் வந்ததை அம்மாவிடம்கூடக் காட்டவில்லை. முன்பள்ளி விழாவில் எடுத்த என் படம் தன்னிடம் இருக்கிறதாம். பதில் போடாவிட்டால் அதை அசிங்கமான படத்தோடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டு, நான் நடத்தை கெட்டவள் என்று தோட்டம் முழுக்கச் சொல்வானாம்.

பவி அம்மா: என்னிடம் ஏன் சொல்லவில்லை தங்கம்?

சுதா அக்கா: சித்தி, இப்போது அவளைக் கேள்வி கேட்க வேண்டாம், பக்கத்தில் போய் உட்காருங்கள். பவி, இனி இது தொந்தரவோடு நிற்கிற விஷயமில்லை. இது மிரட்டல். அதே தண்டனைச் சட்டக்கோவையின் 483, 486 பிரிவுகள். சாதாரண மிரட்டலுக்கு இரண்டு வருடம் வரை. ஒரு பெண்ணின் ஒழுக்கத்துக்குக் களங்கம் கற்பிப்பேன் என்று மிரட்டினால் ஏழு வருடம் வரை. படத்தைப் போட்டே விட்டானென்றால் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது, இணையத்தில் நடப்பதற்கான சட்டம் அது. அந்தச் சட்டம் பேச்சுச் சுதந்திரத்தை நெரிக்கிறது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது, அது நியாயமான பயம்தான். ஆனால் தொல்லை கொடுப்பதற்காக ஒருவரின் அந்தரங்க விவரங்களையும் படங்களையும் வெளியிடுவதை அதன் 20ஆம் பிரிவு குற்றமாக்குகிறது.

பெரியப்பா: இவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

பவி: அக்கா, அவன் மறையும் செய்தியைப் போட்டு வைத்திருக்கிறான். 24 மணித்தியாலத்தில் எல்லாம் போய்விடும். நேற்றையது இப்போது இல்லை.

சுதா அக்கா: இப்போதே அவன் பெயரைத் தொட்டு உள்ளே போய் அதை நிறுத்து, உன் பக்கத்திலிருந்தும் நிறுத்தலாம். ஏற்கெனவே வந்தவை அப்படியும் மறைந்துவிடும். அதனால் இருப்பதை ஸ்கிரீன்ஷொட் எடு. நம்பர், திகதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும், பெயர் போட்டுச் சேமித்திருந்தால் அதை எடுத்துவிட்டு எடு. பிறகு தினேஷின் போனால் உன் போன் திரையையும் படம் பிடி. முறைப்பாடு கொடுக்கும் வரை அவன் நம்பரை பிளொக் பண்ண வேண்டாம். போனை மாற்றவோ விற்கவோ கூடாது, வழக்கென்று வந்தால் அந்தப் போனையே கேட்பார்கள்.

ராஜா மாமா: பொலிஸில் சிங்களத்தில்தானே எழுதுவார்கள். போன வருடம் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள். அவள் சொன்னது ஒன்று, எழுதியது இன்னொன்று.

சுதா அக்கா: எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான் மாமா. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் முறைப்பாடு கொடுப்பது நம் உரிமை, யாரும் இரங்கிக் கொடுப்பதில்லை. பவி, நடந்ததை இன்றிரவே தமிழில் எழுதி வை. பெண் பொலிஸ் அதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல், விளங்காமல் கையெழுத்து வைக்காதே. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரக் கூடாது. தட்டிக் கழித்தால் 1938க்கு எடுப்போம், அது மகளிர் உதவி இலக்கம்.

பவி: தனியாகப் போகப் பயமாக இருக்கிறது அக்கா.

சுதா அக்கா: தனியாக யார் விடப்போகிறார்கள்? நான் அரை நாள் லீவு கேட்டுவிட்டேன். காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன்.

பெரியப்பா: நானும் வருகிறேன். ஊர் பேசினால் என்னிடம் வந்து பேசட்டும். காலையில் தோட்டத்து வேலைக்குப் பெயர் கொடுக்கப் போவதில்லை என்று கணக்கப்பிள்ளைக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பவி அம்மா: அடையாள அட்டையைத் தவிர வேறு என்ன எடுக்க வேண்டும் சுதா?

சுதா அக்கா: போனை நிறையச் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள் சித்தி. சார்ஜரும் கையில் இருக்கட்டும்.