கலைச்சொல்: ‘மூளைப் பிளவு’ பொருந்துமா?

மட்டக்களப்பிலிருந்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

எம்மிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காக, பரம்பிய தரவுத்தளக் கொத்தணிகளின் (ஒரே தரவுத்தளத்தைப் பல கணினிகள் சேர்ந்து தாங்கும் அமைப்புகளின்) மட்டுப்பாடுகள் பற்றித் தமிழில் ஒரு கைந்நூல் எழுதி வருகிறேன். பெரும்பாலான சொற்களில் இடர்ப்பாடு இல்லை. ‘கொத்தணி’யை 2020-இல் கொரோனாச் செய்திகளே வீட்டு முற்றம்வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டன. ‘கணு’ (கொத்தணியில் உள்ள ஒவ்வொரு கணினி), ‘அட்டவணை’, ‘கொடுக்கல் வாங்கல்’ (ஒன்றாகவே நிறைவேறவேண்டிய பதிவுகளின் தொகுதி) போன்றவற்றைப் பிள்ளைகள் முன்பே கேட்டுப் பழகியிருக்கிறார்கள். ஒரேயொரு சொல்லில்தான் மூன்று கிழமையாக நிற்கிறேன். கணுக்களுக்கு இடையிலான தொடர்பு அறுந்தபின், பிரிந்த இரு பகுதிகளும் தாம்தாமே முழுக் கொத்தணி என்று எண்ணித் தனித்தனியே தரவை எழுதத் தொடங்கும் நிலையை ‘ஸ்பிளிட் பிரெய்ன்’ என்கிறார்கள். அதற்கு இக்குழுமத்தில் சென்ற கிழமை முன்வைக்கப்பட்டது இது:

> ‘மூளைப் பிளவு’ என்று சொல்லுக்குச் சொல் வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூளைக்காய்ச்சல், மூளைச்சாவு என்ற வரிசையில் இதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘கொத்தணிக்கு மூளைப் பிளவு ஏற்பட்டது’ என்று வாசிக்கும் பிள்ளைக்கு விபத்துப் பிரிவுதான் நினைவுக்கு வரும். மூலச்சொல் பிறந்த மருத்துவத்திலும் மூளை பிளக்கவில்லை. வலிப்பு நோய்க்காக, மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்டவர்களைப் பற்றியது அது; அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரி 1981-இல் நோபல் பரிசு பெற்றார். அரைக்கோளங்கள் இரண்டும் நலமாகவே இருந்தன, இடைத்தொடர்புதான் அறுந்திருந்தது. அந்தக் கதை தெரிந்தவருக்கே உவமை பொருந்துகிறது. தெரியாதவருக்கு நம்முடைய மொழிபெயர்ப்பு பிழையான படத்தையே காட்டும்.

இந்த நிலையை நான் கையாலேயே உண்டாக்கியிருக்கிறேன் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். நெல் கொள்வனவு செய்யும் ஒரு நிறுவனத்துக்கு எங்கள் வாவியின் கிழக்கே எழுவான்கரையில் ஒன்றும் மேற்கே படுவான்கரையில் ஒன்றுமாக இரண்டே கணுக்களைக் கொண்ட கலேராக் கொத்தணியை (கலேரா என்பது தரவுத்தளங்களைக் கொத்தணியாக்கும் ஒரு மென்பொருள்) அமைத்துக் கொடுத்தேன். கலேராவின் விதிப்படி, கணுக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றைக் காணக்கூடிய பகுதி மட்டுமே எழுத்தை, அதாவது புதிய பதிவை, ஏற்கும். இரண்டு கணுக்கள் பிரிந்தால் இரண்டிடமும் சரிபாதிதான் இருக்கும், ஆகவே இரண்டுமே நின்றுவிடும். தொடர்பு அறும் ஒவ்வொரு நாளும் இரு கரைகளிலும் வேலை நிற்கிறதே என்ற முறைப்பாடு தாங்காமல், ‘பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் எழுது’ என்று சொல்லும் அமைப்பை நானே இயக்கிவிட்டேன். மூன்றாவது கணு ஒன்றைக் கேட்டு வாதாடியிருக்க வேண்டும். அன்றைக்குச் சுலபமான வழி அதுவாகத் தெரிந்தது.

பெரும்போக அறுவடை நேரம், மழைநாள். காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரை இணைப்பு இல்லை. இரு கரைகளிலும் கொள்வனவு தடையின்றி நடந்தது. வழமையில் ஒரு கணு ஒற்றை எண்களையும் மற்றது இரட்டை எண்களையும் எடுத்துக்கொள்ளும், அதனால் பற்றுச்சீட்டு எண்கள் மோதுவதில்லை. பிரிந்தபின்னரோ ஒவ்வொன்றும் தன்னை ஒற்றைக்கணுக் கொத்தணியாகக் கருதி, ஒன்று ஒன்றாகவே எண்ணத் தொடங்கிவிட்டது. 4173 என்ற பற்றுச்சீட்டு இக்கரையில் 38 மூடை நாட்டரிசி நெல்லுக்கும் அக்கரையில் 52 மூடை சம்பா நெல்லுக்கும் உரியதாயிற்று. பிற்பகலில் இணைப்பு மீண்டது, கணக்குகள் இணையவில்லை. இவ்விரண்டையும் தானாகக் கலந்து ஒன்றாக்கும் வழி கலேராவில் கிடையாது. ஒரு கரையை வைத்துக்கொண்டு மற்றதை முழுதாக அழித்தெழுதினோம். அழிந்த கரையின் கொள்வனவுகளைக் கார்பன் பிரதிகளைப் பார்த்து இரவு பதினொரு மணிவரை மீண்டும் தட்டச்சுச் செய்தோம்.

இந்த அனுபவத்திலிருந்துதான் என் முன்மொழிவும் வருகிறது. எங்கள் மாவட்டத்தில் 56 கிலோமீற்றர் நீள வாவி நிலத்தை இரண்டாக வகிர்ந்து கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை நாங்கள் ‘பாதை’ என்றே சொல்வோம். காற்று மிகுந்து பாதை நின்றால் இரு கரைகளிலும் வாழ்க்கை வழமைபோல் நடக்கும், ஒரு கரையில் நடப்பது மற்றக் கரைக்குத் தெரியாது. ஆகவே தொடர்பு அறுதலைக் ‘கரைபிரிவு’ என்றும், அதன்பின் இரு பக்கமும் எழுதுவதை ‘இருகரைப் பதிவு’ என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து. காரணத்தையும் கேட்டையும் இரண்டு சொற்களாகப் பிரித்து வைப்பது இன்றியமையாதது. ஏனெனில் கரைபிரிவை எவராலும் முற்றாகத் தடுக்க முடியாது. கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000-இல் ஊகமாகச் சொன்னதைச் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002-இல் நிறுவினார்கள்: பிரிவு நேர்ந்தபின் இசைவைக் (எல்லாக் கணுக்களும் ஒரே தரவைக் காட்டுவதைக்) காப்பதா, எல்லோருக்கும் விடையளிப்பதா என்று ஒன்றைத்தான் தெரிந்தெடுக்கலாம். நான் அன்று இரண்டாவதைத் தெரிந்தெடுத்தேன் என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது.

இதனோடு ஒட்டிய இன்னொரு சொல்லும் உண்டு. ‘கோரம்’ (ஒரு கூட்டம் செல்லுபடியாவதற்கு வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் தொகை) என்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தமிழில் ‘கூட்டநடப்பெண்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. அதை இங்கே எடுத்தாளக் கூடாது என்கிறேன். அரசியலமைப்பின் 73-ஆம் உறுப்புரைப்படி 225 உறுப்பினர் கொண்ட பாராளுமன்றத்துக்குக் கூட்டநடப்பெண் 20. அந்தக் கணக்கில் ஒரே நேரத்தில் பதினொரு அறைகளில் பதினொரு பாராளுமன்றங்கள் கூடலாம்! மண்டபம் ஒன்றே என்பதால் அங்கே தீங்கில்லை. கொத்தணிக்கோ மண்டபமே இல்லை. முடிவெடுக்கும் எந்த இரு கூட்டத்திலும் ஓர் உறுப்பாவது பொதுவாக இருந்தே ஆகவேண்டும். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று என்று பாதியைத் தாண்டினால்தான் அது உறுதியாகும். இதற்கு ‘மிகுபாதி’ என்று வைத்திருக்கிறேன்.

மற்ற மட்டுப்பாடுகளுக்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை. கலேராவில் இன்னோடிபி என்ற சேமிப்புப் பொறியின் அட்டவணைகள் மட்டுமே மற்றக் கணுக்களுக்கு முறையாகப் படியெடுக்கப்படும், ஒவ்வோர் அட்டவணைக்கும் முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது) வேண்டும், மிக மெதுவான கணுவின் வேகமே கொத்தணியின் எழுத்து வேகம், இன்னொரு கணுவின் எழுத்தோடு மோதும் கொடுக்கல் வாங்கல் இறுதி உறுதிப்படுத்தலில்கூடத் தள்ளப்படலாம் என்பவற்றை வாக்கியமாகவே எழுதிவிட்டேன்.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

*

மறுமொழி: காரைதீவிலிருந்து

அன்புள்ள தம்பி,

1936-இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் எங்களூரில் பிறந்தவர். ஆகவே சொல்லாக்கத்தில் குறுக்கே பேசுவதற்கு எங்களுக்குக் கொஞ்சம் துணிவு அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இரு பக்கமும் எழுதுவதை ‘இருகரைப் பதிவு’ என்றும் சொல்லலாம்

மூளையை விலக்கியது நன்று. ‘கரைபிரிவு’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதைத் தமிழ்நாட்டாருக்கும் மலேசியாவில் உள்ளோருக்கும் விளக்க வேண்டியதில்லை, கரை இல்லாத ஊர் எது? ஆனால் ‘இருகரைப் பதிவு’ உங்கள் பொருளைச் சுமக்கவில்லை. இரு கரைகளிலும் பதிவு நடப்பது உங்கள் கொத்தணியின் அன்றாட வேலைதானே. தொடர்பு இருக்கும்போதும் இரண்டு கணுக்களும் எழுதத்தானே செய்கின்றன? அன்று கெட்டது வேறு: ஒரு கடைக்கு இருக்கவேண்டிய ஒரு கணக்கு, ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு கணக்காயிற்று. அப்படியானால் ‘இருகணக்கு’ என்றே சொல்லிவிடலாம். ‘கொத்தணி இருகணக்காகிவிட்டது’ என்று வினையோடும் இயல்பாக ஒட்டுகிறது. ‘கொத்தணி இருகரைப் பதிவாகிவிட்டது’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும்.

‘ஓர் உறையில் இரு வாள்’ என்ற தொடரிலிருந்து ‘இருவாள்’ என்று எடுக்கலாமோ என்றும் ஓர் இரவு எண்ணினேன். காலையில் நானே விட்டுவிட்டேன். ஓர் உறைக்குள் இருக்கும் வாள்கள் ஒன்றோடொன்று உரசும், உங்கள் கணுக்களுக்கோ மற்றது உயிரோடு இருப்பதே தெரியாது.

‘மிகுபாதி’ எதற்கு? ஒரு பலாப்பழத்தைச் சமமில்லாமல் வெட்டினால் பெரிய துண்டைப் பெரும்பாதி என்றுதானே எங்கள் வீட்டில் கேட்டு அழுதோம். இருக்கும் சொல்லை விட்டுப் புதியதை வார்ப்பது வீண் செலவு.

*

மறுமொழி: மட்டக்களப்பிலிருந்து

மதிப்பிற்குரிய சேர்,

‘பெரும்பாதி’யை உடனே ஏற்றுக்கொண்டேன். நான்கு கணுக்கள் இரண்டு இரண்டாகப் பிரிந்தால் எந்தப் பக்கத்திலும் பெரும்பாதி இல்லை என்று பிள்ளைகள் நான் சொல்லாமலே சொல்கிறார்கள். மிகுபாதியில் அந்தத் தெளிவு வரவில்லை. எதன் பெரும்பாதி என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே எழுத வேண்டும். கலேராவில் அது கணுக்களின் பெரும்பாதி. கசாண்ட்ரா என்ற இன்னொரு தரவுத்தளத்தில் நூறு கணுக்கள் இருந்தாலும், ஒரு தரவுக்கு மூன்று படிகள் என்று வகுத்திருந்தால், அந்தப் படிகளில் இரண்டே பெரும்பாதி.

‘இருகணக்கு’ குறித்து ஓர் அச்சம் இருந்தது. வரி அலுவலருக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று என்று புத்தகம் எழுதுவதைப் பேச்சில் ‘இரட்டைக் கணக்கு’ என்பார்கள். அந்தக் கறை இதிலும் படியுமோ என்று தயங்கினேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரட்டைக் கணக்கு எழுதுகிறவருக்கு இரண்டு புத்தகங்களையும் தெரியும், இருகணக்கு நேர்ந்த கணுவுக்குத் தன் புத்தகம் மட்டுமே தெரியும். சொல்லும் வேறாகவே இருப்பதால் மயக்கம் வராது என்று நம்புகிறேன். மூன்று கணுக்கள் மூன்றாகச் சிதறினால் ‘முக்கணக்கு’ என்பீர்களா என்று ஒரு பயிலுநர் கேட்டார். விதி இயங்கும்வரை அப்படிச் சிதறும்போது எவரிடமும் பெரும்பாதி இராது, மூன்றும் எழுதாமல் நிற்கும். வேலை நின்றதே தவிரக் கணக்கு ஒன்றாகவே இருக்கும் என்று விளக்கினேன். விதியை நிறுத்திவைத்திருந்தால் முக்கணக்கும் வரலாம்தான்.

‘இருகரைப் பதிவு’ நீங்கியது. கைந்நூலில் அந்தப் பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

“கரைபிரிவு நேர்ந்தால், கணுக்களின் பெரும்பாதியைக் கொண்ட கரை மட்டுமே எழுத்தை ஏற்கும், மற்றக் கரை தொடர்பு மீளும்வரை காத்திருக்கும். இரண்டே கணுக்களை வைத்திருப்பவர்கள், தரவை வைத்துக்கொள்ளாமல் வாக்கு மட்டும் அளிக்கும் நடுவர் ஒன்றையாவது மூன்றாவது இடத்தில் நிறுத்துக. நடுவர் தரவைச் சேமிக்காவிட்டாலும் படியெடுப்புப் போக்குவரத்து முழுவதும் அதனிடமும் செல்லும் என்பதால், அங்கும் நல்ல இணைப்பு வேண்டும். பெரும்பாதி விதியை நிறுத்திவைக்கும் அமைப்பைத் தொடாதீர்கள். தொட்டால் இருகணக்கு நேரும், பிறகு ஒரு கரையின் கணக்கை நீங்களே அழிக்க வேண்டிவரும்.”