உதவி: கிஃப்ட் கார்டு வாங்கினேன், பாயிண்ட் வரவில்லை (அவசரம்)

கோட்டையூரான்:
எல்லோருக்கும் வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். நகை, துணி, சாமான் எல்லாம் எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்று கிரெடிட் கார்டில் ஒரு லட்சத்துக்கு கிஃப்ட் கார்டு எடுத்து வைத்தேன். பத்தாயிரம் பத்தாயிரமாகப் பத்து. பாயிண்ட் ஐந்து மடங்கு வரும் என்றார்கள். பாதிகூட ஏறவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் ‘தகுதியில்லாத பரிவர்த்தனை’ என்று ஒரே பாட்டு. நகைக்கடைக்குப் போனால் இந்தக் கார்டுக்குத் தங்கக் காசு தர மாட்டோம், நகைதான் என்கிறார்கள். என்ன செய்யலாம்? படம் இணைத்திருக்கிறேன்.

செக்காலை ரோடு:
எந்த பேங்க், எந்த கார்டு, எங்கே வாங்கினீர்கள், வாங்கி எத்தனை நாள் ஆயிற்று? ஐந்து மடங்கு என்று சொன்னது யார்?

ஆத்தங்குடிக் கல்:
தம்பி, முதலில் அந்தப் படத்தை எடுங்கள். மேலே இருக்கிற கார்டை மட்டும் மறைத்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே இருப்பதில் பதினாறு இலக்க எண்ணும் பின் நம்பரும் பளிச்சென்று தெரிகிறது. இதைப் பார்க்கிற யாரும் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம் போலீஸுக்குப் போனாலும் காசு திரும்பாது.

நெறியாளர்:
படத்தை நீக்கிவிட்டேன். அந்தக் கார்டில் பாக்கி இருக்கிறதா என்று உடனே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரேடு:
இந்தக் கேள்விக்கு நானே இங்கே எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்க்கிற பொறுமை யாருக்கும் கிடையாது. கார்டோடு வந்த நிபந்தனைத் தாளில் ‘பாயிண்ட் கிடையாது’ என்று ஒரு பத்தி இருக்கும். பெட்ரோல், வாடகை, வாலட், ரொக்கம், இஎம்ஐ என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குவதுதான் முறை. வாங்கிவிட்டு வந்து படிப்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

புதுவயல் மில்:
பேரேடு அண்ணே, கல்யாண வேலையில் ஓடிக்கொண்டிருக்கிறவரிடம் இப்படியா பேசுவது?

கோட்டையூரான், என் சந்தேகம் வணிகர் கோடு (code) மேல்தான். ஒவ்வொரு வணிகருக்கும் அவர் தொழில் வகையைக் காட்டும் நான்கு இலக்க எம்சிசி எண் ஒன்று உண்டு. பேங்கின் கம்ப்யூட்டர் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று பார்க்காது. அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பாயிண்ட் போடும். கிஃப்ட் சாமான் விற்கும் கடை என்றால் 5947. அதே கிஃப்ட் கார்டை ஒரு வாலட் கம்பெனி விற்றால் 6540-ல் போய் விழும். அது பணம் ஏற்றுகிற கணக்கு. பெரும்பாலான பேங்க்குகள் 6540-க்குப் பாயிண்ட் தருவதில்லை. அதனால் கஸ்டமர் கேரில் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘இந்தப் பரிவர்த்தனையின் எம்சிசி என்ன’ என்று கேளுங்கள். சில பேங்க் ஆப்பில் ஒவ்வொரு செலவையும் தொட்டால் அதன் வகையும் தெரியும்.

கண்டனூர் சிட்டை:
கோடும் இல்லை, கீடும் இல்லை. இது உச்சவரம்பு. ஐந்து மடங்கு என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், மாதத்துக்கு இவ்வளவு பாயிண்ட்தான் என்று அடியில் பொடி எழுத்தில் போடுவார்கள். ஒரே மாதத்தில் ஒரு லட்சத்தை இறக்கினால் வரம்பு தாண்டாமல் என்ன செய்யும்? இரண்டு மாதமாகப் பிரித்திருக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்:
இரண்டு பேரும் அவசரப்படுகிறீர்கள். சாதாரண பாயிண்ட் உடனே ஏறும். மடங்குப் பாயிண்ட் ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான், சில சமயம் அதற்கும் பின்னால். காத்திருந்தால் வரும்.

கண்டனூர் சிட்டை:
‘தகுதியில்லாத பரிவர்த்தனை’ என்று பேங்க்காரனே சொன்ன பிறகு எதற்குக் காத்திருப்பது?

கோட்டையூரான்:
நன்றி அண்ணே. கார்டு பிளாட்டினம். ஆப்பில் வாங்கினேன். ஐந்து மடங்கு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பாக்கி பத்திரமாக இருக்கிறது.

செக்காலை ரோடு:
பிளாட்டினம் இல்லாத பேங்க் எது தம்பி? ஆப் என்றால் பேங்க் ஆப்பா, வெளி ஆப்பா?

டாலஸ் தேவகோட்டை:
அந்த வீடியோ அமெரிக்கக்காரர்களுடையதாக இருக்கும். பாயிண்டுக்காகவே செலவை உண்டாக்குவதற்கு இங்கே மேனுஃபேக்சர்ட் ஸ்பெண்டிங் என்று பெயர். பலசரக்குக் கடையில் 500 டாலர் வரைக்கும் விசா கிஃப்ட் கார்டு விற்கும். அதற்குச் சில டாலர் ஆக்டிவேஷன் கட்டணம். அந்தக் கார்டுக்கு டெபிட் கார்டு மாதிரி பின் நம்பர் வைத்துக்கொள்ளலாம். அதை வைத்து மணி ஆர்டர் வாங்கி, தன் கணக்கிலேயே போட்டு, கார்டு பில்லைக் கட்டிவிடுவார்கள். எதுவுமே வாங்கவில்லை, ஆனால் செலவுக் கணக்கு ஓடியிருக்கும், பாயிண்டும் ஏறியிருக்கும்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. அமெரிக்க நாணயச்சாலை ஒரு டாலர் காசுகளை முகமதிப்புக்கே, தபால் செலவு இல்லாமல் வீட்டுக்கு அனுப்பி வைத்தது. காசு புழக்கத்துக்கு வரட்டும் என்பது அவர்கள் எண்ணம். ஜனங்கள் கிரெடிட் கார்டில் பெட்டி பெட்டியாக வரவழைத்து, கட்டைக்கூடப் பிரிக்காமல் பேங்க்கில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதில் விமான டிக்கெட் எடுத்துப் போனவர்களும் உண்டு. 2011-ல் அந்தத் திட்டத்துக்கு கிரெடிட் கார்டு வாங்குவதை நாணயச்சாலை நிறுத்திவிட்டது. இப்போது மணி ஆர்டரிலும் கெடுபிடி. அடிக்கடி போட்டால் பேங்க் கணக்கையே மூடிவிடுவார்கள்.

பேரேடு:
இப்போதாவது ஒருவர் விஷயத்துக்கு வந்தார். நம் ஊரில் இந்த வித்தை ஏன் பலிக்காது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட ப்ரீபெய்டு விதிப்படி, எல்லாக் கடையிலும் செல்லும் கிஃப்ட் கார்டு ஒன்றின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மறுபடி பணம் ஏற்ற முடியாது. ரொக்கமாக எடுக்க முடியாது, இன்னொரு கணக்குக்கு மாற்றவும் முடியாது. ஒரே கடைக்கான வவுச்சர் அந்த விதிக்குள் வராது. அதில் அந்தக் கடை வைத்ததுதான் சட்டம். ஆக, உள்ளே போன பணம் பொருளாகத்தான் வெளியே வரும். வெளியே வருகிற வழி தெரியாமல் யாராவது உள்ளே போவார்களா?

செஞ்சை ரவுண்டானா:
எதற்கு இவ்வளவு சுற்று? கார்டைத் தேய்த்துக் கையில் ரொக்கமாகத் தருகிற கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடிப்பார்கள், வேலை முடிந்தது.

பேரேடு:
வந்துவிட்டார் மகான். சரக்கே விற்காமல் கார்டைத் தேய்ப்பது அந்தக் கடைக்காரன் பேங்க்கோடு போட்ட ஒப்பந்தத்துக்கு விரோதம். மாட்டினால் அவனுக்கு மெஷின் போகும், உங்களுக்குக் கார்டு போகும், சேர்த்த பாயிண்டும் போகும். கணக்கையும் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு அரை ரூபாய் பாயிண்டுக்கு இரண்டு ரூபாய் கமிஷன்! இதில் ஒளிவுமறைவும் கிடையாது. வருடத்தில் கார்டு பில் 10 லட்சம் ரூபாயைத் தொட்டால் பேங்க் வருமான வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சத்துக்கே தகவல் போகும்.

செஞ்சை ரவுண்டானா:
வழி இருக்கிறது என்றுதான் சொன்னேன். செய் என்று சொல்லவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, பாயிண்டை விடு. கல்யாண வீட்டில் நகைக்கடைக் கார்டை எங்கே செலவழிப்பாய்? கல்யாணக் கழுத்தணியான கழுத்திரு நம்பிக்கையான ஆசாரியிடம் கொடுத்துச் செய்வது. அவர் கார்டெல்லாம் வாங்க மாட்டார். சாமான் காரைக்குடிக் கடைவீதியில் எடுப்பது. அங்கே எவர்சில்வர் தூக்கை எடை போட்டுக் கொடுக்கிறவரிடம் வவுச்சர் எண்ணைப் படித்தால் சிரிப்பார். தோடு, வளையல் மாதிரி சில்லறை நகை பாக்கியிருந்தால் அதற்கு இந்தக் கார்டைக் கொடு. தங்கக் காசுக்கு ஆசைப்படாதே. கடைக்காரனுக்குக் காசில் செய்கூலி நிற்காது, அதனால்தான் தர மாட்டேன் என்கிறான்.

கண்டனூர் சிட்டை:
மீதமாகிற கார்டை மொய் வைத்துவிடலாமே ஆச்சி. முகூர்த்த சீசன்தான், ஊரெல்லாம் பத்திரிகை வருகிறது.

பள்ளத்தூர் ஆச்சி:
மொய் நோட்டில் எப்படி எழுதுவது? ‘கோட்டையூர் இன்னார் வீடு, பதினாறு இலக்க எண் ஒன்று’ என்றா?

கண்டனூர் சிட்டை:
ஏன், ‘ரூபாய் பத்தாயிரம்’ என்று எழுதினால் போகிறது. பணம் பணம்தானே.

பள்ளத்தூர் ஆச்சி:
பணம் எப்படியாகும்? நீ வைத்த மொய்யை அவர்கள் திருப்பிச் செய்ய உன் வீட்டில் ஒரு விசேஷம் வர வேண்டும். அதற்குப் பத்து வருடம்கூட ஆகலாம். கார்டுக்கு ஒரு வருடத்தில் காலாவதி. வாங்கியவர் மறந்து அலமாரியில் போட்டுவிட்டால் நோட்டில் பத்தாயிரம் நிற்கும், கையில் ஒன்றும் இருக்காது. பெண் வீட்டுக்காரர் முகத்தில் எப்படி முழிப்பாய்?

ஆத்தங்குடிக் கல்:
இப்போதெல்லாம் மண்டப வாசலில் க்யூஆர் வைத்தே மொய் வாங்குகிறார்கள் ஆச்சி. காலம் மாறிவிட்டது.

பள்ளத்தூர் ஆச்சி:
க்யூஆரில் போனது கணக்கில் ரூபாயாக விழுகிறது. நான் அதைத் தப்பு என்று சொன்னேனா? கடை பெயர் போட்ட அட்டையை மொய் என்று வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கண்டனூர் சிட்டை:
அன்பளிப்புக் கவரில் வைத்தால் தப்பில்லை. மொய் வேறு, அன்பளிப்பு வேறு.

செக்காலை ரோடு:
இதற்கு வேண்டுமானால் தனியாக ஓர் இழை திறந்துகொள்ளுங்கள். தம்பி, ஆப் எது என்று இன்னும் சொல்லவில்லை.

கோட்டையூரான்:
மன்னிக்கவும், பந்தல்காரர் வந்துவிட்டார். எம்சிசி கேட்டேன். நான்குக்கு 5947, ஆறுக்கு 6540. நான்கும் பேங்க்கின் சொந்தத் தளத்தில் வாங்கியது, நகைக்கடை வவுச்சர், கட்டணம் இல்லை. ஆறு வெளி ஆப்பில் வாங்கியது, எல்லாக் கடைக்கும் பொது, ஒன்றரை சதவீதம் கட்டணமும் ஜிஎஸ்டியும் பிடித்தார்கள். சாதாரணமாக நூறு ரூபாய்க்கு 2 பாயிண்ட், ஒரு பாயிண்ட் 25 காசு.

புதுவயல் மில்:
நான் முதலிலேயே சொன்னேன்! ஐந்து மடங்கு என்பது பேங்க் தளத்தில் வாங்குவதற்கு மட்டும். வெளி ஆப் வாலட் கணக்கில் போய்விட்டது.

பேரேடு:
கணக்கைப் போட்டுவிடுவோம். நான்கு கார்டு 40,000 ரூபாய். நூற்றுக்கு 10 பாயிண்ட் என்றால் 4,000 பாயிண்ட், காசாக 1,000 ரூபாய். ஆறு கார்டு 60,000 ரூபாய். பாயிண்ட் சுழி. கட்டணம் 900, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 162, ஆக 1,062. மொத்தத்தில் கைநஷ்டம் 62 ரூபாய். பில்லைத் தவணை தாண்டிக் கட்டினால் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் வரை வட்டி போடுகிற கார்டுகள் உண்டு. ஒரு லட்சத்துக்கு அதுவே 3,500. வட்டித் தொழில் பார்த்த ஊரிலிருந்து போய் இப்படி வட்டி கட்டக் கூடாது. கடைசித் தேதிக்கு முன்னால் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள், ‘மினிமம்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல்:
பேரேடு அண்ணன் திட்டிக்கொண்டே நல்லது செய்கிறவர். அந்த 6540-க்குப் பேங்க்கில் எழுத்தில் புகார் கொடுங்கள் தம்பி. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. தகவலுக்கு 14448.

பேரேடு:
போகலாம். நிபந்தனையில் வாலட் விலக்கு என்று இருந்தால் அங்கேயும் நிற்காது. ஆறு மாதம் அலைவதுதான் மிச்சம்.

புதுவயல் மில்:
இனிமேல் சாமான் வாங்க நடுவில் கிஃப்ட் கார்டே வேண்டாம். ரூபே கிரெடிட் கார்டு இருந்தால் யூபிஐயில் இணைத்துப் பாத்திரக்கடை க்யூஆரிலேயே கட்டலாம். வணிகர் க்யூஆருக்குத்தான் போகும், சொந்தக்காரர் நம்பருக்குப் போகாது. அந்தச் செலவுக்கு உங்கள் பேங்க் பாயிண்ட் தருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை என்று காட்டிக் கார்டில் சுற்றிவிடும் வித்தையையும் யாராவது சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதியை இறுக்கியதும் பல ஆப் அந்தச் சேவையை மூடிவிட்டன.

கண்டனூர் சிட்டை:
ஆச்சிக்கு ஒரு கேள்வி. வெள்ளிக் குத்துவிளக்கு வைத்தால் மொய்யா, அன்பளிப்பா?

பள்ளத்தூர் ஆச்சி:
விளக்கு நோட்டில் ஏறாது, வாய்க்கணக்கில் ஏறும். எந்த வீட்டுப் பெரியவளைக் கேட்டாலும் யார் எது வைத்தது என்று தேதியோடு சொல்வாள்.

கோட்டையூரான்:
நகை வவுச்சர் நான்கும் தங்கைக்குத் தோடாகிவிட்டது. பொதுக் கார்டு ஆறில் துணி ஆர்டர் போட்டாயிற்று. பில் முழுக்கக் கட்டியாயிற்று. புகார் எண் வந்திருக்கிறது, பதில் இல்லை. எல்லோருக்கும் நன்றி, பத்திரிகை அனுப்புகிறேன்.

புதுவயல் மில்:
நல்லது. ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்கான செலவுக் கணக்கில் அந்த 60,000 சேர்ந்ததா? சில பேங்க் பாயிண்ட் தராவிட்டாலும் அதில் சேர்த்துக்கொள்ளும். பார்த்துச் சொல்லுங்கள் தம்பி.

புதுவயல் மில்:
தம்பி?