ஓடுகிற ஓட்டத்தில் சாமி நினைப்பு: உங்களுக்கு எப்படி வாய்க்கிறது?

திருவள்ளூர் லோக்கல்

காலை ஏழு மணிக்கு மேல் திருவள்ளூரில் இருந்து சென்ட்ரல் போகும் வண்டியில் ஏறியவர்களுக்குத் தெரியும், தலை அரித்தால் சொறியக்கூடக் கையைத் தூக்க முடியாது. இதில் எங்கே உட்கார்ந்து ஜபிப்பது? வீட்டிலும் மோட்டார் போடு, டிபன் கட்டு, பிள்ளையைக் கிளப்பு என்றே பொழுது போய்விடும். பூஜை அறைக்கு ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

வழியில் திருநின்றவூர் வரும். பூசலார் நாயனார் ஊர். கதை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை, கேட்ட இடத்திலும் கிடைக்கவில்லை. மனுஷன் மனசுக்குள்ளேயே கல், மரம் சேர்த்து, தச்சர்களைத் தேடி, நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டார். ராத்திரி தூங்காமல் கட்டினார் என்கிறது பெரிய புராணம். விமானம் எழுப்பி, கிணறு வெட்டி, மதில் சுற்றி, குளம் தோண்டிக் கும்பாபிஷேகத்துக்கும் தேதி குறித்துவிட்டார். அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ ராஜா தன் கற்கோயிலுக்கு நாள் வைத்திருந்தார். சிவன் ராஜாவின் கனவில் வந்து, “நாளைக்கு நின்றவூரில் ஒரு அன்பன் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டாராம். ராஜா கிளம்பி வந்து கேட்டால், அப்படி ஒரு கோயில் இருப்பது ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து இழுத்தது பக்தியைவிட அந்த வேலைத்திட்டம்தான். நான் சைட் இன்ஜினியர், அதனால் இருக்கலாம். “கோயில் கட்டினேன்” என்று மொத்தமாக நினைக்காமல், கிணறு தனி, மதில் தனி என்று ஒவ்வொன்றாக முடித்திருக்கிறார் பாருங்கள். நானும் திருநின்றவூரில் வண்டி நின்றதும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வேன். ஒருநாள் கிணற்றுக்கு உறை இறக்குவது, ஒருநாள் மதிலுக்குச் சாந்து பூசுவது. நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்து காலேஜ் வரை அதே நினைப்பு. ஆவடியில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறும், அத்தோடு அன்றைய வேலை நின்றுவிடும். சில நாள் காண்ட்ராக்டர் போன் வந்து ஒரு செங்கல்லும் வைக்க முடியாது. இருந்தாலும் அந்த ஸ்டேஷன் பெயரைப் பார்த்தவுடன் மனசு தானாகத் திரும்புகிறது. இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருந்தால் எப்போதோ விட்டிருப்பேன்.

அந்த ஊரில் இருதயாலீசுவரர் கோயில் நிஜமாகவே இருக்கிறது, பூசலாருக்கும் சிலை உண்டு. இருதய நோய் உள்ளவர்கள் நிறையப் பேர் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

உப்பு லோடு

அண்ணே, நல்லா இருக்கு. நான் ராமநாதபுரம் பக்கம். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வருகிறவன். எங்களுக்கு ஐந்து வக்து (வேளை) தொழுகை கடமை, அதில் பேரம் கிடையாது. ஆனால் பயணத்தில் இருப்பவனுக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு. லுஹர் (மதியம்), அஸர் (பிற்பகல்), இஷா (இரவு) தொழுகைகளின் நான்கு ரக்அத்தை, அதாவது நான்கு சுற்றை, இரண்டாகச் சுருக்கலாம். நாங்கள் ஷாபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), அதனால் லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்தும் தொழலாம். டீக்கடை ஓரமாக வண்டியை ஒதுக்கி, கேனில் இருக்கும் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்து, முஸல்லா என்கிற தொழுகை விரிப்பை மேற்கே விரித்தால் முடிந்தது. கிளீனர் பையன் இந்துதான். என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு நிற்பான்.

நான் சொல்ல வந்தது மற்ற நேரம் பற்றி. வண்டியில் ஏறிச் சாவி போடும்போது ஓதும் துஆ (பிரார்த்தனை) ஒன்று இருக்கிறது, குர்ஆன் வசனம்தான். “இதை எங்களுக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், இதை அடக்கும் சக்தி எங்களுக்கு இல்லை” என்று வரும். ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் ஓதியது. முழு லோடு ஏற்றிய வண்டி மழையில் இறக்கத்தில் வரும்போது பிரேக் மேல் கால் வைத்துப் பாருங்கள், அந்த இரண்டாவது பாதி எவ்வளவு நிஜம் என்று தெரியும்.

தொழுகைக்குப் பிறகு சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்வோம். முன்பெல்லாம் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது இன்னொரு சுற்றும் விரல் கணுவில் எண்ணி முடித்துவிடுவேன். தானாகவே கட்டணம் எடுத்துக்கொள்ளும் ஃபாஸ்டாக் வந்து அதைக் கெடுத்துவிட்டது!

இரவுப் பணி

பாய், சிரித்துவிட்டேன். நான் நர்ஸ், கத்தோலிக்கக் குடும்பம். ஊரில் காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறுக்குக் கோயில் மணி அடித்தால் பாட்டி கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு மூவேளை செபம் சொல்வார். வார்டில் அப்படி வைத்துவிட முடியுமா? ஜெபமாலையும் கையில் வைத்திருக்க முடியாது, நாள் முழுக்கக் கிளவுஸ்.

ஆனால் எங்கள் தொழிலில் யாரும் தடுக்க முடியாத நேரம் ஒன்று உண்டு, கை கழுவுவது. சோப்பு போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 வினாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசை இருக்கிறது. அவசரப்படாமல் இரண்டு அருள்நிறைந்த மரியே சொன்னால் அந்த நேரம் சரியாக இருக்கும். (பாட்டி இதைப் பிரியதத்த மந்திரம் என்பார்.) ஒரு செபம் யாரைத் தொட்டுவிட்டு வந்தேனோ அவருக்கு, இன்னொன்று அடுத்துத் தொடப் போகிறவருக்கு. கழுவுவதையும் பாதியில் விடுவதில்லை, இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல்காரர்களுக்கும் சந்தோஷம்.

ஒரு முறை நோயாளியின் அம்மா என் உதடு அசைவதைப் பார்த்து, “என்ன சிஸ்டர், மருந்துக் கணக்கா?” என்றார். “ஆமாம்மா, உங்க பையன் கணக்குதான்” என்றேன். அதன் பிறகு நான் குழாயைத் திறந்தாலே அவர் தாலியைத் தொட்டு மாரியம்மனைக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

கோவில்பட்டி அக்கா

எல்லாம் சரி. ஆனாலும் வேலையோடு வேலையாக நினைப்பதே போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் தம்பி. மனசுக்குள் கட்டிய பூசலார் வேறு எதுவும் செய்யாமல் உட்கார்ந்து கட்டினார், ரயிலில் தொங்கிக்கொண்டு அல்ல. சாயங்காலம் விளக்கேற்றிப் பத்து நிமிஷம் உட்காரவும் வேண்டும். ரீல்ஸ் பார்க்க மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறதாம்?

திருவள்ளூர் லோக்கல்

ரீல்ஸ் விஷயத்தில் பதில் இல்லை அக்கா. உட்காருவதைப் பொறுத்தவரை, சாயங்காலம் ஆறரைக்கு நான் வில்லிவாக்கத்தைத்தான் தாண்டிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் கணக்கில் வையுங்கள்.

பெஞ்சில் இருப்பவன்

வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவனுக்கு ஸ்டேஷனும் இல்லை, டோல்கேட்டும் இல்லை. நான் எதைப் பிடித்துக்கொள்வது?

இரவுப் பணி

மீட்டிங் தொடங்கும் முன் எல்லோரும் வந்து சேரும்வரை சும்மா காத்திருப்பீர்களே தம்பி, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சில் இருப்பவன்

அந்த நேரத்தில்தான் மேனேஜர் கேமராவைப் போடச் சொல்கிறார் சிஸ்டர். கண்ணை மூடினால் தூங்குகிறான் என்பார். சரி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே முருகனைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.