தூக்கமும் பிரஷரும்: உங்கள் வீட்டில் எப்படி?

குலசேகரத்திலிருந்து:
என் கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரண்டரை மணிக்கே தோட்டத்தில் நிற்பார். மனிதனுக்கோ அந்த நேரத்தில் அழுத்தம் தணிந்திருக்க வேண்டும்; தூக்கத்தில் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குவதுதான் இயல்பு என்றார் டாக்டர். மாத்திரை தவறாமல் போட்டும் 160-க்குக் கீழே வரவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை, எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்று கேட்டார். பத்தரை வரை டிவி! இப்போது எட்டு மணிக்கே கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கிறார். கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழையில் வெட்டு இல்லாத நாட்களில் இன்னும் குறைகிறது. அது தூக்கத்தாலா, ஓய்வாலா என்று பிரிக்க முடியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:
அக்கா, அவர் குறட்டை விடுவாரா? எனக்கு மூன்று வகை மாத்திரை போட்டும் அடங்கவில்லை. 24 மணி நேரம் கையில் கட்டும் கருவியில் பார்த்தபோது இரவு அளவு பகலைவிடக் கூடுதலாக இருந்தது. பிறகு தூக்கப் பரிசோதனை. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. ஆக்சிஜன் குறைந்ததும் உடம்பு பதறி எழுகிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இது ராத்திரி முழுக்க நடந்தும் விழித்த நினைவே எனக்கு இல்லை. இப்போது மூச்சுவழி அடைபடாமல் காற்றை அழுத்தித் தள்ளும் முகமூடியோடு தூங்குகிறேன். ஆடிக் காற்றில் மின்சாரம் போனால் அன்றைய தூக்கம் போனது. ஆனாலும் ஒரு மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார்.

முட்டத்திலிருந்து:
எட்டு மணிக்குப் படுக்கச் சொல்வதெல்லாம் கரையில் இருப்பவர்களுக்கு. எங்களுக்கு ராத்திரி வலை, பகலில் தகரக் கூரைக்குக் கீழே தூக்கம். டாக்டரும் வேலையை மாற்றச் சொல்லவில்லை, கருவாட்டைக் குறைக்கச் சொன்னார். உப்பு கூடினால் சிலருக்குத் தூக்கத்திலும் அழுத்தம் இறங்காதாம், சிறுநீருக்கு அடிக்கடி எழவும் வேண்டியிருக்கும். கருவாட்டைக் குறைத்தபின் அப்படி எழுவது குறைந்துவிட்டது. பிரஷர் பெரிதாக மாறவில்லை.

குலசேகரத்திலிருந்து:
தம்பி, குறட்டை உண்டு. பால் எடுக்கும் நேரத்தில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தும் விடுகிறார். அசதி என்று விட்டுவிட்டோம். அந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு வெட்டப் போகலாமா?

நாகர்கோவிலிலிருந்து:
போகலாம், அக்கா. வழக்கமான வேலையோடுதான் அளக்க வேண்டும். கையில் கட்டிய கருவியின் பட்டை இறுகும்போது மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையை அசைக்காமல் தொங்கவிடச் சொல்லுங்கள். கருவி நனையக் கூடாது, அன்று குளியல் கிடையாது.