ஆச்சி வீட்டுக் குரூப்: தேருக்கு வரும் 'அண்ணன்'

கடையம் பெரியம்மா: எல்லாரும் இதைக் கொஞ்சம் பாருங்கள். என் பயல் ஃப்ரீ ஃபயர் என்கிற போன் விளையாட்டில் யாரோ ஒருத்தனோடு மாசக்கணக்காகப் பேசுகிறான், நிஜப் பேர் தெரியாது, ஊர் தெரியாது, இப்போது அந்த 'அண்ணன்' ஆனித் தேருக்கு நெல்லை டவுனுக்கு வருகிறானாம், வாகையடி முக்கில் தனியாக வந்து நில் என்கிறானாம்

அம்பை மாமா: போனைப் பிடுங்கி பீரோவில் வை. சோலி முடிந்தது

பாளை சித்தி: முடியாது அண்ணே. கூட்டாளி போனில் பேசுவான், நம்மிடம் சொல்வது மட்டும் நின்றுபோகும். ஏலே தம்பி, குரூப்பில்தானே இருக்கே, அவன் என்னவெல்லாம் கேட்டான்?

தம்பி: சும்மாதான் சித்தி. எந்த ஸ்கூல், டியூஷன் எப்போ விடும், அப்பா ஊரில் இருக்காங்களான்னு கேட்டான். கேமில் செலவழிக்கிற டைமண்ட் வாங்கித் தந்தான். அப்புறம் இன்ஸ்டாவுக்கு வா, வீட்டில் சொல்லாதேன்னான். 17 வயசுதான், போட்டோ அனுப்பியிருக்கான்

பாளை சித்தி: போட்டோ யாருடையதாகவும் இருக்கலாம்லே. விளையாட்டில் நாலு பேரோடு பேசுவது தப்பில்லை. ஆனால் ஓசியில் சாமான் தருகிறான், தனியாகப் பேச வேறு இடத்துக்கு இழுக்கிறான், வீட்டில் மறை என்கிறான், இதெல்லாம் சேர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்திவிடு. அடுத்து வீடியோ காலில் சட்டையைக் கழற்று என்பான், அதை ரெக்கார்டு செய்து உன் ஃபாலோயர்ஸ் எல்லாருக்கும் அனுப்புவேன் என்று காசு கேட்பான். பையன்களைத்தான் இப்படி நிறைய மடக்குகிறார்கள். யூனிஃபார்ம் போட்டோ அனுப்பினாயா?

தம்பி: ஒண்ணே ஒண்ணு

பாளை சித்தி: சரி, போகட்டும், அதுக்காக யாரும் அவனை ஏசாதீங்க. தேருக்கு நம்மோடு வா, அவனைப் பார்க்க வேண்டாம். சாட்டை அழிக்காதே, அவன் ஐடி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு, அப்புறம் ரிப்போர்ட் அடித்து பிளாக் செய்

கடையம் பெரியம்மா: நாளைக்கு மிரட்டினால் காசைக் கொடுத்துத் தொலைத்துவிடலாமா?

பாளை சித்தி: கொடுக்கவே கூடாது அக்கா, கொடுத்தால் திரும்பவும் கேட்பான். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன் போடணும், பிள்ளைகள் விஷயத்துக்கு 1098. சைபர்கிரைம் போர்ட்டலில் பேர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம், பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற போக்சோ சட்டம் பையன்களுக்கும் உண்டு. அந்தரங்கப் படம் எதுவும் அவன் கையில் சிக்கியிருந்தால் 'டேக் இட் டவுன்' என்று ஒரு சேவை இருக்கிறது, 18 வயசுக்குள் எடுத்த படங்களுக்கு. படம் நம் போனை விட்டுப் போகாது, அதன் அடையாள எண்ணை மட்டும் வைத்து அதில் சேர்ந்திருக்கிற கம்பெனிகள் தங்கள் தளத்தில் தேடி நீக்கும்

தம்பி: அந்த மாதிரி ஒண்ணும் அனுப்பல சித்தி, சத்தியமா

அம்பை மாமா: பயல் இருக்கட்டும், என்னை யாரோ ஷேர் மார்க்கெட் குரூப்பில் சேர்த்துவிட்டான். ஒரு பொம்பளைப் பிள்ளை தினமும் குட் மார்னிங் போடுது, நானும் பதில் போடுகிறேன்

பாளை சித்தி: அண்ணே!! பதில் போடாதீங்க, வெளியே வாங்க. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசியில் குரூப்ஸை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்க

அம்பை மாமா: பிரைவசி எங்கே இருக்கு?

தம்பி: மாமா சாயங்காலம் வாரேன், நானே மாத்தித் தாரேன்