கிராண்ட் வுட்டின் ‘பிப்ரவரி’: அந்த இருள் எப்படி வந்தது?

கேள்வி:
அமெரிக்க ஓவியர் கிராண்ட் வுட் 1940-இல் வரைந்த ‘பிப்ரவரி’ என்னும் கல்லச்சுப் படத்தை (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் லித்தோகிராஃப்) அண்மையில் பார்த்தேன். பனி மூடிய வயலில் மூன்று கருங்குதிரைகள் முள்கம்பி வேலியை நோக்கி வருகின்றன. அவ்வளவுதான், ஆனாலும் மனம் கனத்துவிடுகிறது. வெறும் கறுப்பு மையில் இத்தனை மென்மையான இருள் எப்படிக் கைகூடியது?

பதில் 1:
கல்லின் தன்மையே முதல் காரணம். சொரசொரப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புச் சேர்ந்த கறுப்புக் கிரேயானால் வரைந்து, கல்லைப் பக்குவப்படுத்தி, நீரால் நனைத்து மை உருட்டினால், மை கொழுப்பில் மட்டுமே பிடிக்கும். ஈரமான இடம் அதை ஏற்காது. கிரேயான் கல்லின் நுண்மேடுகளை மட்டும் தொடுவதால், அடர்ந்த கருமைக்குள்ளும் பொடிப்பொடியாக வெண்மை மிஞ்சுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், மலைத்துப்போவீர்கள்.

பதில் 2:
நுட்பம் மட்டுமன்று, வுட் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பண்ணை வீட்டில் பிறந்தவர், அந்தக் குளிரை உடலால் அறிந்தவர். அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் இத்தகைய கல்லச்சுகளை 5 டாலருக்கே விற்றதால், அவை சாதாரண வீடுகளின் சுவர்களையும் எட்டின. வுட் 1942 பிப்ரவரி 12 அன்று, 51 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், காலமானார். அதை அறிந்தபின் அந்த வேலியை வெறும் வேலியாக என்னால் பார்க்க முடியவில்லை.