அமெரிக்க நகரங்களில் உங்களுக்குப் பிடித்த வீட்டு அமைப்பு எது?

கேள்வி:
அமெரிக்காவின் பழைய நகரங்களில் வீட்டைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். என் ஓட்டு சார்ல்ஸ்டனின் ‘சிங்கிள் ஹவுஸ்’க்கு. ஒரே ஒரு அறை அகலம்தான், குறுகிய பக்கம் தெருவைப் பார்த்து நிற்கும், நீளமான பக்கத்தில் தெற்கையோ மேற்கையோ பார்த்தபடி மாடிக்கு மாடி வராந்தா, அதை அந்த ஊரில் ‘பியாட்ஸா’ என்பார்கள். தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டோம், வராந்தாவுக்குத்தான் போவோம். நிஜ வாசல் அதன் நடுவில் இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கு எந்த ஊர் வீடு, ஏன்?

பதில் 1:
காற்றோட்டம் என்றால் நியூ ஆர்லியன்ஸின் ஷாட்கன் வீடுதான். அகலம் பெரும்பாலும் 12 அடிக்குள் அடங்கிவிடும், வீட்டுக்குள் நடைவழி என்று தனியாக எதுவும் இல்லை, அறைக்குப் பின்னால் அறை. கதவுகளைத் திறந்துவைத்தால் முன்வாசலிலிருந்தே கொல்லைப்புறம் தெரியும், உயரமான கூரையால் வெக்கையும் மேலே போய்விடும். ஆனால் ராத்திரி தண்ணீர் குடிக்கப் பின்கட்டுச் சமையலறைக்குப் போவதென்றால் தூங்குகிறவர்களின் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும். கூட்டுக் குடும்பத்துக்குச் சரிவராது.

பதில் 2:
சிகாகோ பங்களா! பெயர்தான் பங்களா, சின்ன செங்கல் வீடுதான். 1910க்கும் 1940க்கும் இடையில் சுமார் 80,000 கட்டியிருக்கிறார்கள், அதுவும் பெரிய பணக்காரர்களுக்கு இல்லை, சாதாரண வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு. நாங்கள் ஆறு வருஷம் அப்படி ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். தெருவைப் பார்த்த சுவரில் வழவழப்பான நல்ல செங்கல், மூலை திரும்பினால் பக்கச்சுவர் முழுக்க மலிவான சாதாரண செங்கல், இரண்டும் சேரும் இடத்தைக் கையால் தடவினாலே வித்தியாசம் தெரியும். காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தவர்கள், ஆனாலும் முன்னறை ஜன்னலுக்கு வண்ணக்கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலை வெயிலில் அந்த நிறம் தரையில் விழும்போது வீடே வேறு மாதிரி இருக்கும்.

பதில் 3:
பாஸ்டனின் ‘டிரிபிள் டெக்கர்’ஐ விட்டுவிட்டீர்களே. மரத்தில் கட்டிய மூன்று தளம், தளத்துக்கு ஒரு குடும்பம். ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்ற இரண்டின் வாடகையில் கடனை அடைக்கலாம், புலம்பெயர்ந்து வந்த எத்தனையோ பேர் அப்படித்தான் சொந்த வீடு கண்டார்கள். அழகு கொஞ்சம் கம்மிதான், எனக்கு அது பெரிதில்லை.

கேட்டவர்:
நண்பரே, அந்தப் பக்கச்சுவர் விஷயம் எனக்குத் தெரியாது. அடுத்தமுறை சிகாகோ போனால் முன்புறத்தோடு நிற்காமல் மூலை திரும்பிப் பார்க்கிறேன்.